தண்டவாளத்தோரத்து ஊர்

புகையிரதப் பாதைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாதையின் நீளத்தையும், பாலங்களின் தொகையையும், செலவான பணத்தையும் கணக்கிட்டு எழுதுவர். பாதையின் ஓரத்திற் குடியேறி, விளக்குக் காட்டியும், கணக்கெழுதியும், வண்டி செலுத்தியும் வாழ்ந்த மக்களை நினைப்போர் சிலரே. ஆயினும் ஒரு பெரிய புகையிரத நிலையம் எங்கே எழுகின்றதோ, அங்கே அதனைச் சுற்றி ஓர் ஊரும் எழுகின்றது. பிற்காலத்தில் அந்நிலையத்தைப் புதுப்பிக்க அரசு முற்படும்போது, நிலையத்தோடு அவ்வூரும் மாற்றத்துக்கு உள்ளாகின்றது. அவ்வாறு மாற்றம் பெற்ற இடங்களுள் ஒன்று மலேசியாவின் தலைநகரான கோலாலம்பூரில் உள்ள பிரிக்பீல்ட்ஸ். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றோடு உறவு பூண்ட ஊராதலால், அதன் கதை இலங்கைத் தமிழர் அறிய வேண்டிய கதையாகும்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்குச் செங்கற்களம் என்பது பொருள். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குப் பொல்லாத ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பெருந்தீ மூண்டு, மரத்தாலும் ஓலையாலும் ஆன வீடுகளை எரித்தது. ஆண்டின் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியவற்றுட் பலவற்றை அழித்தது. 1882இல் சிலாங்கூரின் ஆங்கிலப் பிரதிநிதியாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீளக் கட்ட வேண்டுமென வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுடுவதற்குச் சூளைகள் எழுந்த நிலப்பகுதியே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. ஆகவே, ஒரு நகரம் புதிதாகக் கட்டப்பட்டபோது பிறந்த ஊர் அது.

சூளைகளை அடுத்துப் புகையிரதம் வந்தது. மலாயாவின் முதலாவது பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்குத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டெம்பர் 15ஆந் திகதி, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை, ஏறக்குறைய 20 மைல் நீளமான பாதை திறக்கப்பட்டது. உள்நாட்டில் அகழ்ந்த ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே இவ்விரு பாதைகளினதும் முதல் நோக்கம். 1901இல் பாதைகள் யாவும் ஐக்கிய மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதி என்னும் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1909இல் வடக்கே பிறை முதல் தெற்கே ஜொகூர் பாரு வரை பாதை இடையறாது இணைந்தது. கோலாலம்பூர் அதன் நடுநாயகமாயிற்று. சாமான் பெட்டிகளைப் பிரித்துத் தொடுக்கும் பெருமுற்றமும், வண்டிகளை நிறுத்தும் கொட்டகைகளும், ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தன.

இவ்விடத்திலே இலங்கையின் தொடர்பு தோன்றுகின்றது. ஐக்கிய மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியின் முதலாவது பொது முகாமையாளரான சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர், அதற்கு முன் இலங்கையின் பொதுவேலைப் பகுதியிற் பல்லாண்டு பணியாற்றியவர். 1891இல் சிலாங்கூரின் அரசாங்கப் பொறியியலாளராகச் சென்ற அவர், ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞரின் திறமையை முன்னரே அறிந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலையொன்றை நிறுவினர். அதன்பின் பல சமயத்தாரும் ஆங்கிலப் பாடசாலைகளை எழுப்பினர். அங்கு கற்றோரின் தொகைக்கு ஏற்ற உத்தியோகம் அச்சிறு குடாநாட்டில் இருக்கவில்லை. மலாயாவிலோ ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் அறிந்தவர்கள் போதவில்லை. ஆகவே இளைஞர்கள் கடல் கடந்தனர். நிலைய அதிபராகவும், லிகிதராகவும், தந்தி அனுப்புவோராகவும், படவரைஞராகவும், பொருட்களஞ்சியக் காப்பாளராகவும் புகையிரதப் பகுதியில் அவர்கள் நிறைந்தனர்.

வெயிலில் நின்று மண் வெட்டித் தண்டவாளம் பதித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர். அவர்கள் பதித்த பாதைக்கு மேசையில் இருந்து கணக்கெழுதியவர் யாழ்ப்பாணத்தவர். பேசும் மொழி ஒன்றாயினும், இரு சாராருக்கும் சம்பளமும் குடியிருப்பும் வேறு, உறவாட்டமும் குறைவு. பிரிக்பீல்ட்ஸின் வீதிகளில் அருகருகே வாழ்ந்தும் அவ்விடைவெளி நெடுங்காலம் நீங்கவில்லை. ஊரின் பெருமையைச் சொல்லும்போது இவ்வுண்மையையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மையாகும்.

புகையிரதப் பகுதி கட்டிய பெருங்கட்டிடங்களுட் புகழ் வாய்ந்தது கோலாலம்பூர்ப் புகையிரத நிலையம். ஆதர் பெனிசன் ஹபக் என்னும் கட்டிடக் கலைஞர் வரைந்த அந்நிலையம் 1910இல் திறக்கப்பட்டது. வெண்ணிற மாடங்களும், வளைவுகளும், குதிரைலாட வடிவ வாயில்களும் கொண்ட அதனை முதன்முறை காண்போர் அரண்மனையென்றே மயங்குவர். அதற்கு எதிரே 1917இல் புகையிரதத் தலைமைக் காரியாலயம் எழுந்தது. இவற்றைக் கட்டியவர் அரசாங்கத்தார். செலவு அரசாங்கத்தின் செலவு. பிரிக்பீல்ட்ஸில் வரிசை வரிசையாக அமைந்த ஊழியர் விடுதிகளும் அவ்வாறே. அவற்றுள் நூறு வீடுகள் கொண்ட தொகுதியொன்று 'நூறு குவாட்டர்ஸ்' என்றே பெயர் பெற்றது. அவ்வீடுகளிற் குழந்தைகள் பிறந்தன, திருமணங்கள் நடந்தன. ஆனால் உத்தியோகம் முடிந்ததும் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுதலே விதி. முப்பது ஆண்டு வாழ்ந்தாலும் குடியிருந்தவனுக்கு வீடு சொந்தமன்று.

இதனை உணர்ந்தமையாற் போலும், அம்மக்கள் தம் கைப்பணத்தாற் சில நிலையங்களைத் தாமே கட்டினர். 1904இல் விவேகானந்த ஆச்சிரமத்தை நிறுவினர். அது வழிபாட்டோடு நின்றுவிடாது, தமிழ்ப் பிள்ளைகளின் கல்விக்கும் உதவியது. நல்லூரை நினைந்து வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சைவர்கள், இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளிற் கந்தசுவாமி கோவிலை ஸ்கொட் வீதியில் எழுப்பினர். இலங்கையிலிருந்து சென்ற சிங்கள மக்களும் அதே ஊரிலேயே தம் வழிபாட்டுக்கு இடம் அமைத்தனர். 1894இல் தோன்றிய அவர்களது சங்கத்தின் முயற்சியால் எழுந்த பௌத்த மகா விகாரை இன்றும் அங்குள்ளது. கிறிஸ்தவ ஆலயங்களும் அருகே எழுந்தன. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் ஊருக்கும் வந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'மலாயாப் பென்சனியர்' என்பது ஒரு காலத்தில் மதிப்பு மிக்க சொல்லாக வழங்கியது. அவர்கள் கட்டிய கல்வீடுகளும், உதவிய கோவில்களும் பாடசாலைகளும் பல.

காலம் மாறியது. 1948இல் மலாயன் புகையிரதப் பகுதி என்றும், 1962இல் மலாய் மொழியில் கெரெத்தாப்பி தானா மெலாயு என்றும் அப்பகுதி பெயர் மாறிற்று. மோட்டார் வண்டியும் அகன்ற வீதியும் புகையிரதத்தின் வருவாயைக் குறைத்தன. 1992இல் அது அரசாங்கப் பகுதி என்னும் நிலை நீங்கிக் கம்பனியாக அமைக்கப்பட்டது. அப்பொழுது நகரத்தின் நடுவே, பழைய சாமான் பெட்டிகள் நின்ற 72 ஏக்கர் முற்றம், புகையிரதம் ஈட்டித் தரும் பணத்தைவிடப் பன்மடங்கு விலைபெறும் நிலமாகக் காட்சியளித்தது. 1994இல் அரசாங்கம் அந்நிலத்தை மறுசீரமைக்கும் வேலையைத் தனியார் நிறுவனக் கூட்டொன்றிடம் ஒப்படைத்தது.

நிலத்தைக் கொடுத்து நிலையத்தைப் பெறுதல் என்பதே இத்தகைய திட்டங்களின் அடிப்படை. கட்டுவோர் புதிய நிலையத்தை அமைத்துக் கொடுப்பர். அதற்கு ஈடாகச் சுற்றியுள்ள நிலத்தில் காரியாலயங்களும், விடுதிகளும், கடைத்தொகுதிகளும், மாடிவீடுகளும் எழுப்பி வருவாய் பெறுவர். பொதுப் பணம் மிச்சமாகின்றது என்பது இம்முறையின் நன்மை. கட்டிடங்களின் உயரமும் நிலத்தின் பயனும் விலையை நோக்கியே தீர்மானிக்கப்படும் என்பது இதன் ஆபத்து.

யப்பானியக் கட்டிடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் அமைப்பில் எழுந்த கே.எல். சென்றல் நிலையம் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இயங்கத் தொடங்கியது. 2002இல் விமான நிலையத்துக்கு விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. புறநகர் வண்டி, நெடுந்தூர வண்டி, நகர்ப்புற இலகு வண்டி யாவும் அங்கு கூடுகின்றன. பல்லாயிரவர் நாள்தோறும் அதனாற் பயன்பெறுகின்றனர். அதனை மறுத்தல் நியாயமன்று. ஆயினும் ஒரு குறை விரைவிலேயே வெளிப்பட்டது. 2003இல் திறக்கப்பட்ட ஒற்றைத் தண்டவாள வண்டியின் நிலையம், அதே பெயரைத் தாங்கியும், பெருநிலையத்தோடு சேராது வீதிக்கு அப்பால் நின்றது. மூட்டை முடிச்சோடு வந்தோர் வெயிலிலும் மழையிலும் நடந்தே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றனர். இரண்டுக்கும் இடையிலான கடைத்தொகுதி 2014இல் திறக்கப்பட்ட பின்னரே நேரான வழி கிடைத்தது. நிலத்தின் விலையை முன்வைத்த திட்டத்தில் கால்நடையாக வருபவன் கடைசியிலேயே நினைக்கப்படுகிறான் என்பதற்கு இது சான்று.

கால்நடையாகச் செல்வோருள் பார்வையற்றோர் சிறப்பாகக் கருதத்தக்கவர். 1951இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸிலேயே உள்ளது. ஆதலின் அவர்கள் பெருந்தொகையாக அங்கு வாழ்ந்தும் தொழில் புரிந்தும் வருகின்றனர். கண்ணுள்ளவனுக்கு வீதி மாறினால் சிறிது தாமதம், அவ்வளவே. காலடியை எண்ணியும், ஓசையைக் கேட்டும், கடையின் மணத்தை அறிந்தும் நடப்பவனுக்கு வீதி மாறினால் ஊரே தொலைந்ததற்கு ஒப்பாகும்.

பழைய நிலையம் இடிக்கப்படவில்லை. ஹபக் கட்டிய மாடங்கள் இன்றும் நிற்கின்றன. புறநகர் வண்டிகளும் அங்கு நின்று செல்கின்றன. ஆனால் நாட்டின் தலைவாயில் என்னும் பெருமை அதனை விட்டு அகன்றது. அழகிய கட்டிடத்துக்கு வாதாட அறிஞர் பலர் உளர். எளிய ஊழியர் விடுதிக்கு வாதாட எவருளர்? அவ்விடுதிகள் தொகுதி தொகுதியாக மறைந்தன. நூறு குவாட்டர்ஸும் இறுதியில் இடிக்கப்பட்டது. குடியிருந்தோருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. ஆகவே உரிமைக் குரலும் இல்லை. புகையிரதம் கொடுத்தது புகையிரதத்தோடு போயிற்று.

எஞ்சியவை எவை? மக்கள் தாமே கட்டியவை. கோவில் நிற்கின்றது, விகாரை நிற்கின்றது, ஆச்சிரமமும் நிற்கின்றது. ஆயினும் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2014இல், ஆச்சிரமத்தின் நிலத்தில் உயர்ந்த மாடிக் கட்டிடம் எழுப்பும் திட்டமொன்றை அதன் பொறுப்பாளர்களே முன்வைத்தனர். நிலையத்தின் வரவால் நிலத்தின் விலை ஏறியபோது, அந்த ஆசை வெளியாரை மட்டும் பற்றவில்லை. பொதுமக்கள் திரண்டு ஆட்சேபித்தனர். 1904ஆம் ஆண்டின் கட்டிடம் தப்பியது. முன்னோர் கட்டியது என்பதனால் மட்டும் ஒன்று நிலைப்பதில்லை. பின்னோர் அதனைத் தமதென்று உணர்ந்து காவல் செய்தாலன்றி நிலைக்காது.

பிரிக்பீல்ட்ஸின் ஒரு பகுதி 'லிற்றில் இந்தியா' என்னும் பெயரால் அலங்கரிக்கப்பட்டு, 2010 ஒக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவராலும் திறந்துவைக்கப்பட்டது. வண்ண வளைவுகளும் பூக்கடைகளும் புடைவைக் கடைகளும் கண்ணைக் கவர்கின்றன. வியாபாரத்துக்கு அது நன்மையே. ஆனால் அவ்வளைவின்கீழ் நடக்கும் இளைஞன், அவ்வூரை உண்டாக்கியது செங்கற்சூளையும் புகையிரத முற்றமும் என்பதனை அதனால் அறிய மாட்டான். மண் வெட்டிய தொழிலாளியும் தந்தி அனுப்பிய லிகிதனும் விகாரை எழுப்பிய சிங்களவரும் ஒரே ஊரில் வாழ்ந்தனர் என்பதும் அவனுக்குத் தோன்றாது. அலங்காரம் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுதல் இக்காலத்தின் வழக்கமாகிவிட்டது.

இக்கதை இலங்கைக்குப் புறம்பானதன்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை முழுமை பெற்றது 1905இல். மலாயா சென்ற இளைஞர் பலர் தம் பயணத்தை அப்பாதையிலேயே தொடங்கினர். 1990இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது, நிலையம் சிதைந்தது. மீளக் கட்டப்பட்ட நிலையத்துக்கு 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி வண்டி மீண்டும் வந்தது. வண்டி வந்தவிடத்து நிலத்தின் விலை ஏறும், கட்டிடங்கள் உயரும், வீதிகள் அகலும். இவை வேண்டற்பாலனவே. ஆனால் திட்டப் படத்தை வரைவதற்கு முன், அங்கே யார் வாழ்கின்றார்கள், யார் நடக்கின்றார்கள், எதனை அவர்கள் தம் கையாற் கட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் அக்கேள்வி வீடுகள் போனபின்னரே எழுந்தது.

மலாயாப் புகையிரதத்தில் உழைத்தோரின் நியமனக் கடிதங்களும், நிலையத்தின் முன் நின்று எடுத்த நிழற்படங்களும், வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் யாழ்ப்பாணத்து வீடுகள் சிலவற்றின் பெட்டிகளில் இன்னும் கிடத்தல் கூடும். கறையானும் ஈரமும் அவற்றை நெடுங்காலம் விட்டுவைக்கமாட்டா. அவற்றை எடுத்துப் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, ஒரு நூல்நிலையத்திலோ பாடசாலையிலோ சேர்ப்பிப்போர் அவ்வூருக்குப் பெரும் உபகாரம் செய்தவராவர். குவாட்டர்ஸ் இருந்த நிலத்தை இனி மீட்க இயலாது. அங்கு வாழ்ந்தோர் இன்னார் என்று சொல்வதற்கு இன்னும் காலம் இருக்கின்றது.