அம்பாவும் பாட்டியாலியும்

கிழக்கு வங்கத்து ஓடக்காரர் இந்துவாயினும் முஸ்லிமாயினும் துடுப்பெடுக்குமுன் பதர் பீரை அழைப்பது மரபு. அவர்கள் பாட்டு பாட்டியாலி. அந்நாட்டில் சந்திரகுமார் தே ஊரூராய் அலைந்து திரட்டிய கதைப்பாடல்களை, தினேஷ் சந்திர சென் 1923இல் ‘மைமன்சிங்க கீதிகை’ என நூலாக்கினார். படிப்பறியாத முஸ்லிம் பாடகர்களின் செல்வமும் அதனால் பிழைத்தது.

நம் கரைக்கு அம்பா உண்டு. தாழ்வுபாட்டுக் கத்தோலிக்கரின் கரைவலையும் எருக்கலம்பிட்டி முஸ்லிம்களின் தோணியும் மன்னார்த் தீவின் கடலை நம்பியவை. முத்துச் சலாபங்களில் பரவரும் முஸ்லிம்களும் ஒருங்கே மூழ்கினர்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை விரட்டினர். எருக்கலம்பிட்டியார் புத்தளக் கரையில் ஏதிலிகளாயினர். இழந்த வீட்டுக்கும் வள்ளத்துக்கும் கணக்கெழுதலாம். உம்மும்மாமார் நெஞ்சிலிருந்த தாலாட்டுக்கு எவர் கணக்கெழுதுவார்? போருக்குப்பின் மீண்டவர்களில் அவற்றை அறிந்தோர் முதியவர்களே. அவர்கள் இருக்கும்போதே ஒரு சந்திரகுமார் நமக்கு வேண்டும்.