கல்வத்திலிருந்து கற்பூரம் வரை: நாவிற் கரையும் வலிநீக்கி மாத்திரையின் வரலாறு

கடலூர் மாவட்டத்தின் மேற்கே மானாவாரி நிலங்களுக்கிடையே அமைந்த மங்களூர் வட்டாரத்தாருக்கு விருத்தாசலத்துப் பீங்கான் நன்கு பழகிய பொருள். பொடித்த மண்ணைப் பிணித்து, சூளையில் இறுக்கி, நீரிலே ஊறினும் நெகிழாத திண்மை தருவதே அத்தொழிலின் இலட்சியம். மாத்திரை செய்வோனோ, பொடியை அச்சிலிட்டு அழுத்திப் பிணித்த பின், நீர் பட்டதும் அப்பிணைப்பு தானே அவிழவேண்டும் என்று எதிர்பார்க்கிறான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் பிராஸர் உலர்ந்த களிமண் தூளை உலோக அச்சில் அழுத்திப் பொத்தான் செய்யும் முறைக்கு 1840-இல் உரிமை பெற்றார்; மூன்றாண்டு கழித்து, 1843-இல், வில்லியம் பிராக்கிடன் என்னும் ஓவியர் பென்சில் கரியையும் மருந்துத் தூளையும் அவ்வாறே அழுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்பது என் வாதமன்று. இரு தொழில்களும் ஒரே காலத்தில் ஒரே உபாயத்தைக் கைக்கொண்டன என்பதே இங்கு கருதத்தக்கது.

அதற்கு நெடுங்காலம் முன்பே நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு வசம்பையும் மாசிக்காயையும் உரைகல்லில் இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து, பாலாடையால் புகட்டினர். சித்த வைத்தியரும் குளிகையைக் கல்வத்தில் அரைத்துருட்டி, தேனோ வெந்நீரோ அனுபானமாகச் சேர்த்து உரைத்துக் கொடுத்தார். மருந்தைக் கரைக்கும் சிரமத்தை அளிப்பவரே ஏற்றுக்கொண்ட கிரமம் அது. இயந்திர மாத்திரை வந்தபின் அச்சிரமம் முழுவதும் உண்பவரின் தொண்டைக்கு மாறியது. விழுங்கத் தெரியாத சிசுவும், விழுங்கும் சக்தி குன்றிய விருத்தரும் அதனால் இடர்ப்பட்டனர்.

வலிநீக்கிகளின் சரித்திரம் இவ்விடரை மேலும் தெளிவாக்குகிறது. 1899-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின், காய்ச்சலுற்ற குழந்தைகளுக்கு, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோயை விளைவிக்கக்கூடும் என்ற அச்சத்தால் 1980-களில் அவர்களுக்கு விலக்கப்பட்டது. அதன் இடத்தைப் பெற்ற பாராசிட்டமால், அமெரிக்காவில் 1955-இல் குழந்தைகளுக்கென்று வந்தபோது திரவமாகவே வந்தது. ஆயினும் புட்டி மருந்து சுமப்பதற்குக் கடினம். வீட்டுக் கரண்டியால் அளந்தால் அளவும் பிசகும்.

திண்மமாக இருந்து நாவிலேயே திரவமாகும் மாத்திரைக்கு முதல் வெற்றி 1980-களில் கிட்டியது. பிரிட்டனில் ஆர்.பி. ஷெரர் நிறுவனத்தார் மருந்தை ஜெலட்டின், மானிட்டால் ஆகியவற்றோடு கரைத்துக் குழிகளில் ஊற்றி உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்கினர். எஞ்சிய நுண்துளைக் கூட்டினுள் உமிழ்நீர் புகுந்ததும் மாத்திரை சில விநாடிகளில் கரைந்தது. அம்முறைக்குச் செலவு அதிகம். நம் நாட்டு ஆராய்ச்சியின் நயம் இங்கேதான் தோன்றுகிறது. அழுத்திய மாத்திரையிலிருந்து கற்பூரத்தை ஆவியாக்கித் துளைகள் உண்டாக்கும் உபாயத்தை ஜப்பானியர் 1997-இல் வெளியிட்டிருந்தனர். அகமதாபாத் எல்.எம். மருந்தியல் கல்லூரியார் 2004-இல் வெளியிட்ட ஆய்விலோ, நிமெசுலைடு என்னும் வலிநீக்கியோடு, நீரை உறிஞ்சி விரியும் கிராஸ்போவிடோனையும் கற்பூரத்தையும் கலந்து குருணையாக்கி, வெற்றிடத்தில் கற்பூரத்தை மாத்திரம் போக்கினர். ஆலயந்தோறும் எச்சமின்றி மறையும் அப்பொருள், போன இடத்தில் வெற்றிடத்தை விட்டுச் சென்றது. செங்கல் மண்ணில் கலந்த உமி சூளையில் எரிந்து துளை விடுவதைக் கண்டவர்க்கு இத்தத்துவம் உடனே விளங்கும்.

ஆயினும் விரைந்து கரைவதனாலேயே ஒரு மருந்து குழந்தைக்கு உகந்ததாகிவிடாது. கல்லீரலுக்கு ஊறு நேருமென்ற கவலையால், அதே நிமெசுலைடைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு வழங்கலாகாதென்று இந்திய அரசு 2011-இல் தடை செய்தது. மேலும், வாயில் கரைந்த மருந்தும் பெரும்பாலும் குடலை அடைந்தே உடலிற் சேர்வதால், வலி அத்தனை விரைவில் தணியுமென்று நம்புவது தவறு.

தொல்காப்பியர் கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் எழுத்தொலியின் கால அலகாகிய மாத்திரைக்கு அளவாக வைத்தார். அமெரிக்க அரசின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி நாவிற் கரையும் மாத்திரைக்கு ஏறத்தாழ 30 விநாடியும், ஐரோப்பிய மருந்து நூல் மூன்று நிமிடமும் வகுத்துள்ளன. உமிழ்நீர் வற்றிய முதியவர்க்கு அவ்வளவும் நீளக்கூடுமாதலால், ஒரு மிடறு நீர் அவர்க்குத் துணையாக வேண்டும். உறைநிலையில் உலர்த்திய மாத்திரை விரலால் அழுத்தி எடுத்தால் நொறுங்கும் சுபாவமுடையது. ஆகவே அதன் உறையை ஓரத்திலிருந்து உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. மூட்டுவலியால் விரல் மடங்காத முதியவர்க்கு அம்மெல்லிய தாளைப் பற்றி உரிப்பதே, மாத்திரையை விழுங்குவதினும் பெரும் சிரமமாக எஞ்சியிருக்கிறது.