வேலைக்குப் போகும் பெண்கள் ஊரில் குணசேகரன் ஏன் ஹிட்? சீரியல் காட்டும் சமூக மதிப்பீடு

காலை நேரத்தில் முகப்பேர், அம்பத்தூர் பக்கம் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாவற்றிலும் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டம்தான். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி, கடை, ஆஸ்பத்திரி என ஆளுக்கொரு பக்கம் போறாங்க. 2019-20 கணக்குப்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான்.

ஆனால், இதே ஊர்களில் ராத்திரி 9.30-க்கு டிவியில் ஓடிய கதை வேறு. படித்த நான்கு மருமகள்கள் வாசலைத் தாண்டவே அனுமதி கேட்டு நின்றார்கள். அதுதான் 'எதிர்நீச்சல்'. ஏன் இந்த முரண்?

அன்று அபி, இன்று ஜனனி

சன் டிவியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஒளிபரப்பான இந்தத் தொடரை இயக்கியவர் திருச்செல்வம். 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடரும் அவருடையதுதான்.

'கோலங்கள்' அபி குடும்பத்தைத் தோளில் சுமந்தார். கணவனைப் பிரிந்தும் தொழிலில் ஜெயித்தார். ஒரு பெண் தனியாக நிற்க முடியுமா என்பதுதான் அன்றைய கேள்வி. இன்று அதற்கு வீட்டுக்கு வீடு பதில் இருக்கு.

'எதிர்நீச்சல்' கேட்டது அடுத்த கேள்வி: பெண் படிக்கலாம், சம்பாதிக்கலாம். சரி, வீட்டில் முடிவெடுப்பது யார்?

சட்டம் முடிந்தது, வீட்டில் முடியலை

தொடரின் பெரிய சண்டையே அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்குதான். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்துவிட்டது. நாடு முழுவதற்கும் அது 2005-ல்தான் வந்தது. இருந்தும், பெண்ணுக்குப் பங்கு என்றதும் வெடிக்கும் சண்டையை யாரும் நமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததுமே புரிந்தது.

வில்லனை ஏன் ரசிச்சாங்க?

ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் அதட்டல் மீம்ஸாகச் சுற்றியது. 2023 செப்டம்பர் 8-ல் அவர் மறைந்தபோது ரசிகர்கள் கலங்கினார்கள். அவர் நடிப்பு பெரிய காரணம். இன்னொன்றும் உண்டு. அப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ பல குடும்பங்களில் இருக்கிறார். அவர் முன்னால் சிரிக்க முடியாது, டிவி முன்னால் முடியும்.

அப்போ சீரியல் சமூகத்தின் கண்ணாடியா?

முழுசா இல்லை. டிஆர்பி-க்காகவும் விளம்பரத்துக்காகவும் சண்டை இழுக்கப்படும். பார்ப்பவர்கள் எல்லோரும் அதை ஏற்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு சமூகம் எதை நம்புகிறது என்பதைவிட, எந்த விவாதத்தை இன்னும் முடிக்கவில்லை என்பதைத்தான் ஹிட் தொடர்கள் காட்டுகின்றன.

அடுத்த முறை சீரியல் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம்:

* கதையில் யார் தண்டிக்கப்படுகிறார்?
* யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?
* எந்த விஷயம் விளக்கமே இல்லாமல் நமக்குப் புரிகிறது?

மூன்றாவதுதான் முக்கியம். மருமகள் வேலைக்குப் போக ஏன் அனுமதி கேட்கணும் என்று கதை விளக்கவே இல்லை, நாமும் கேட்கலை. 2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என இரண்டாம் பாகமும் தொடங்கிவிட்டது.