தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் பணி: பட்டத் தகுதி

தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் வெளிநாட்டவர் ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மொழி ஆசிரியர்களுக்கு வழங்கப்படும் இ-2 விசாவின் அடிப்படை நிபந்தனை இது. அரசுப் பள்ளிக்குச் செல்பவருக்கும், ஹக்வான் எனப்படும் தனியார் பயிற்சி நிலையத்துக்குச் செல்பவருக்கும் இது பொருந்தும். இங்கே பட்டம் கேட்பது குடிவரவு விதி. வகுப்பு நடத்தும் திறமை வேறு சான்றுகளால் அளக்கப்படுகிறது.

பின்னணி

அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் எபிக் திட்டம் 1995இல் தொடங்கியது. இவர்கள் கொரிய ஆசிரியருடன் சேர்ந்து வகுப்பு எடுப்பார்கள். ஒப்பந்தம் பொதுவாக ஓராண்டு. தங்கும் இடத்துக்கும் திட்டமே ஏற்பாடு செய்யும். பள்ளி முடிந்த பின் பிள்ளைகள் செல்லும் ஹக்வான்களில் மாலை நேர வகுப்புகளே அதிகம்.

எந்தப் பட்டம்?

பொறியியல், வரலாறு, வணிகவியல் என எதில் பட்டம் பெற்றிருந்தாலும் விசாவுக்குப் போதும். ஆங்கில இலக்கியமோ கல்வியியலோ படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எபிக் திட்டத்தில் பாடம் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது: கல்வியியல் அல்லது ஆங்கிலம் படித்தவர்களும், முதுநிலைப் பட்டம், ஆசிரியர் உரிமம், பணி அனுபவம் உள்ளவர்களும் மேல் படிநிலையில் வைக்கப்படுகிறார்கள்.

பட்டமில்லாதவர்களுக்கும் ஒரு காலத்தில் வழி இருந்தது. 2008இல் தொடங்கிய டாக் திட்டம், கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்த மாணவர்களைக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் மாலை வகுப்புகளுக்கு அழைத்தது. அந்தத் திட்டம் இப்போது இல்லை.

நாட்டுரிமை

பட்டம் மட்டும் இருந்தால் போதாது. ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா பொதுவாக ஏழு நாட்டவருக்கே கிடைக்கும்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா.

இந்தியர்களுக்குத் தனி வழி ஒன்று உண்டு. 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், இந்தியர்கள் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியர்களாகப் பணியாற்ற இடமளித்தது. இதற்குப் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் உரிமமும் வேண்டும். அதாவது, ஏழு நாட்டவரிடம் கேட்கப்படாத ஆசிரியர் தகுதி இந்தியரிடம் கேட்கப்படுகிறது.

2007: சரிபார்ப்பு இறுகிய ஆண்டு

2007இல் கொரியாவைப் போலிப் பட்ட விவகாரம் உலுக்கியது. சியோலின் டொங்குக் பல்கலைக்கழகக் கலைத்துறைப் பேராசிரியர் ஷின் ஜோங்-ஆ, யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதாகக் கூறியது பொய் என அம்பலமானது. அதைத் தொடர்ந்து பிரபலங்கள் பலரின் கல்வித் தகுதி ஆராயப்பட்டது. கேபிஎஸ் வானொலியில் புகழ்பெற்ற ஆங்கிலப் பாட நிகழ்ச்சியை நடத்திவந்த ஒருவரும், தான் சொல்லிவந்த வெளிநாட்டுப் பட்டம் தன்னிடம் இல்லை என ஒப்புக்கொண்டு விலகினார். அதுவரை அவரிடம் ஆங்கிலம் கற்ற நேயர்கள் ஏராளம்.

அதே ஆண்டின் இறுதியில் இ-2 விசாவுக்குக் குற்றப் பின்னணிச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயமாயின. அப்பரிசோதனையில் எச்ஐவி சோதனையும் அடங்கும். நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் அளித்த புகாரின் பேரில், இது பாகுபாடு என ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2015இல் கூறியது. 2017இல் கொரியா அச்சோதனையைக் கைவிட்டது.

அப்போஸ்டில்

பட்டச் சான்றிதழைக் கொரிய அலுவலகம் அப்படியே ஏற்காது. அதில் அப்போஸ்டில் இருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி வழங்கப்படும் இந்தச் சான்று, பக்கம் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரம். தலைப்பு பிரெஞ்சு மொழியில் இருக்கும். அதன் கீழே எண்ணிட்ட பத்து வரிகள்: எந்த நாடு, யார் கையெழுத்திட்டார், எந்தப் பொறுப்பில், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று. கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதற்கு மட்டுமே இது உறுதி. படிப்பின் தரத்தைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இருக்காது.

இந்த உடன்படிக்கை இந்தியாவில் 2005இலும் தென்கொரியாவில் 2007இலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் பெற்ற பட்டத்துக்கு முதலில் மாநில அளவில் அட்டஸ்டேஷன் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் பெறுவது வழக்கம். முத்திரையும் ஸ்டிக்கரும் சான்றிதழின் பின்புறத்தில் இடப்படுவதால், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்து வைத்த சான்றிதழ் இங்கே சிக்கலாகும்.

பயிற்சிச் சான்றிதழ்

வகுப்பறைத் திறனுக்கு உரியவை டெஃபல், செல்டா போன்ற சான்றிதழ்கள். கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா குறைந்தது 120 மணி நேரப் படிப்பு. அதில் 6 மணி நேரம், உண்மையான மாணவர்கள் முன் பாடம் நடத்தி மதிப்பீட்டாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். இதில் சேரப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் செல்டாவை மட்டும் வைத்து இ-2 விசா வாங்க முடியாது.

பிற நாடுகள்

ஜப்பானில் 1987இல் தொடங்கிய ஜெட் திட்டமும் ஏதேனும் ஒரு பட்டத்தையே கேட்கிறது. அங்குப் பள்ளிகளில் மொழி கற்பிப்பதற்கான விசாவுக்கு, அந்த மொழியின் வழியாகக் குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும். சீனா பட்டத்தோடு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறது. கல்வியியல் பட்டமோ பயிற்சிச் சான்றிதழோ அந்த அனுபவத்துக்கு ஈடாகலாம். தாய்லாந்துப் பள்ளிகளில் பட்டத்துடன் ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும்.

மதிப்பீடு

பட்ட நிபந்தனைக்கு நியாயம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கும் அரசு, சரிபார்க்கத்தக்க ஓர் ஆவணத்தைக் கேட்பது இயல்பு. பிழை, அந்த ஆவணத்தைக் கற்பிக்கும் திறமை என்று கொள்வதில்தான். பாடம் நடத்தியே பழக்கமில்லாத பட்டதாரிக்கு ஹக்வான் கதவு திறக்கிறது. எம்.ஏ., பி.எட். முடித்துப் பத்தாண்டு கரும்பலகை முன் நின்ற தமிழ்நாட்டு ஆசிரியைக்கு அது பாஸ்போர்ட்டால் மூடப்படுகிறது. இதில் பெரிய இழப்பு, அந்த ஆசிரியையிடம் படித்திருக்கக்கூடிய மாணவர்களுக்கே.