அமரத்தில் மாட்டிய யந்திரம்

கொல்லத்திலிருந்து ஆலப்புழை செல்லும் பஸ்ஸில் நீண்டகரைப் பாலத்தைக் கடந்த தமிழன்பர்கள், அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் அந்த முகத்துவாரத்தில் வரிசையாய் நிற்கும் படகுகளைக் கண்டிருப்பார்கள். அவற்றுள் சிலவற்றின் பின்புறத்தில், நம் மீனவர் அமரம் என்று வழங்கும் இடத்தில், தலை பெருத்துக் கால் நீண்ட ஒரு யந்திரம் தொங்குவதையும் கவனித்திருக்கலாம். அவுட்போர்டு மோட்டார் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றை நாம் புத்தகத்தில் தொடங்கவில்லை. அப்பாலத்துக்கு அருகே ஓலைக் கொட்டகை ஒன்றில் பல்லாண்டுகளாகச் சாக்கு மூடிக் கிடந்த ஒரு பழைய மோட்டாரின் முன்னே, கைகளில் கரி படிய உட்கார்ந்தே தொடங்கினோம்.

அதன் உரிமையாளர் காயலில் வலை வீசிப் பிழைப்பவர். யந்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட எண்ணியிருந்தார். புதியது வாங்க வழியில்லாத அவர் மகனோ, இது ஓடினால் தானும் தனிப்படகில் தொழிலுக்குப் போகலாம் என்று நம்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கிடைத்தது. நமக்கும் நம்முடன் வந்த நண்பருக்கும் சைக்கிளுக்குக் காற்றடிப்பதற்கு மேல் யந்திரப் பழக்கம் இல்லை. குளச்சலிலிருந்து வந்து சக்திகுளங்கரையில் தங்கிவிட்ட முதிய மெக்கானிக் ஒருவர், "கையை நீங்க வையுங்க தம்பி, வாயை நான் வைக்கேன்" என்று துணைக்கு வந்தார். ஊரார் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம்.

மேல்மூடியைக் கழற்றி, பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தோம், அசையவில்லை. கயிற்றைச் சுற்றி வலிந்து இழுக்க முற்பட்ட நம்மை அண்ணாச்சி தடுத்தார். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெய் ஊற்றி, இரவு முழுதும் ஊறவிடச் சொன்னார். துருவோடு மல்லுக்கட்டினால் பிஸ்டன் வளையம் முறியும் என்பது அவர் கட்சி. அந்த இரவை இந்த யந்திரத்தின் பூர்வகதையை அறிவதில் கழித்தோம்.

படகில் கழற்றி மாட்டும் மோட்டார் என்னும் எண்ணம் ஒருவருக்கு மட்டும் உதித்ததன்று. அமெரிக்காவில் காமரன் வாட்டர்மன் என்பவர் 1905-ஆம் ஆண்டிலேயே டெட்ராய்ட் ஆற்றில் அத்தகைய ஒன்றை ஓட்டிப் பார்த்தார். எனினும் அதை மக்களிடையே பரப்பிய பெருமை ஓலே எவின்ரூட் என்பவரையே சேரும். 1877-இல் நார்வே நாட்டில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். ஏரிக்கரையில் உல்லாசமாயிருந்த ஒரு நாள், பின்னாளில் மனைவியான பெஸ் ஐஸ்கிரீம் கேட்க, அவர் நெடுந்தூரம் துடுப்பு வலித்துச் சென்று வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தச் சலிப்பில் பிறந்த யோசனையே இது என்பர். 1909-இல் அவர் விற்கத் தொடங்கிய யந்திரம் ஒற்றைச் சிலிண்டரும் 1½ குதிரைத்திறனும் கொண்டது. எடை 62 பவுண்டு. முதலில் அதைக் கண்ட பெஸ், காப்பிக் கொட்டை அரைக்கும் யந்திரம் போலிருக்கிறது என்றாராம். ஆயினும் அதன் விளம்பரத்தையும் வியாபாரத்தையும் ஏற்று நடத்தியவர் அந்த அம்மையாரே. உருகிய ஐஸ்கிரீமைவிட இதுவே வரலாற்றில் கனமான செய்தி என்பது நம் கருத்து. 1920-களின் தொடக்கத்தில் எவின்ரூட் அலுமினியத்தைக் கையாண்டு இரட்டைச் சிலிண்டர் மோட்டாரைச் செய்ததும் எடை குறைந்தது. ஒருவர் தோளில் தூக்கிச் செல்லும் பொருளாயிற்று.

மறுநாள் காலை சக்கரம் சுற்றியது. அடுத்து மின்பொறி. கழற்றிய பிளக்கின் உடலை யந்திரத்தின் இரும்போடு ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீலப்பொறி தெரிய வேண்டும். தெரியவில்லை. பிளைவீலின் அடியில் மின்னோட்டத்தைத் தொட்டும் விட்டும் தரும் 'பாயிண்ட்' உப்புக்காற்றில் பூத்துப் போயிருந்தது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்ததும் பொறி வந்தது. நண்பர் பிளக்கை இரும்பில் ஒட்டாமல் விரலால் பற்றியிருந்தமையால், அது வந்த செய்தியை அவர் கூச்சலே அறிவித்தது.

கார்புரேட்டரைப் பிரித்தோம். அதன் நுண்துளைகளைப் பழுப்புநிறப் பிசின் அடைத்திருந்தது. அண்ணாச்சி முகர்ந்து பார்த்து, "மண்ணெண்ணெயிலயே நிறுத்தியிருக்கான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இக்கடற்கரையின் நெடுங்கதை அடங்கியிருந்தது.

ஐக்கிய நாடுகள் ஸ்தாபனமும் இந்தியாவும் நார்வேயும் 1952-ஆம் ஆண்டு அக்டோபரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1953 முதல் இதே நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் இந்தோ-நார்வேத் திட்டம் நடைபெற்றது. எவின்ரூட்டைப் பெற்ற நாடே இங்கு வந்தது. ஆயினும் அத்திட்டத்தில் ஓங்கியது உள்ளே எஞ்சின் பொருத்திய புதுப்படகு. அயல்நாட்டில் இறாலுக்குக் கிடைத்த விலையால் 1960-களில் இழுவலைப் படகுகள் பெருகின. துடுப்பு வலித்த வள்ளக்காரர் பின்தங்கினர். 1970-களின் இறுதியில் இரு சாராருக்கும் பூசல் முற்றியது. கேரள அரசு 1980-இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது; 1988-இல் மழைக்கால இழுவலைத் தடையும் விதித்தது. இதற்கிடையில், 1980-களின் தொடக்கத்தில், வள்ளக்காரர்கள் தாமே கண்ட மாற்று, ஜப்பானிலிருந்து வந்த இந்த மோட்டார்.

அது பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுவது. கரை சேருமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டி நிறுத்த வேண்டும். இவன் அவ்வாறு செய்யாதது பெட்ரோல் விலையை எண்ணியோ, தீர்ந்துபோனதாலோ! தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது மெய். ஆனால் 7, 8 குதிரைத்திறனில் தொடங்கியது 25, 40 என ஏறிற்று. மீன் அவ்வாறு ஏறவில்லை. கடனும் மண்ணெண்ணெய்ப் பங்கீடும் வீட்டுக் கவலைகளாயின. உதிரிப்பாகம் கிடையாத யந்திரமோ வெறும் பாரம். 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கரையோரங்களில் பழுதுபார்க்கும் பட்டறைகளை அமைத்தது இதனாலேயே. குமரி மாவட்டத்துத் தமிழ் மீனவரும் அதில் சேர்ந்தோர். அண்ணாச்சி தொழில் கற்றதும் அத்தகைய பட்டறையொன்றில்தான்.

ஞாயிறு காலை, பீப்பாயில் நீர் நிரப்பி, மோட்டாரின் கால் அதில் மூழ்குமாறு மாட்டினோம். நீரின்றி ஓட்டினால் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி, முறை வைத்துக் கயிற்றை இழுத்தோம். பதினேழாம் இழுப்பில் இருமி, இருபதில் புகை கக்கிக்கொண்டு ஓடியது. மகிழ்ச்சியில் நாம் கை தட்ட, அண்ணாச்சி அதை நிறுத்திவிட்டார். குளிர்விக்கும் நீர் பக்கத்துத் துளையில் பீறிடவில்லை என்பதை அவர் ஒருவரே கவனித்திருந்தார். அடிப்பகுதியைப் பிரித்தால், நீரேற்றும் ரப்பர்ச் சக்கரம் விறைத்து இதழ்கள் உதிர்ந்து கிடந்தது. ஞாயிறன்று கடை ஏது? அண்ணாச்சி தம் தகரப் பெட்டியைக் கிளறி, அதே அளவில் பழையது ஒன்றை எடுத்து நீட்டினார்.

மாலை நான்கு மணிக்குத் துளையில் நீர் பீறிட்டது. உரிமையாளர் ஒன்றும் சொல்லாமல் சாக்கை மடித்து வைத்தார். மகன் மோட்டாரைத் தோளில் சுமந்து சென்று அமரத்தில் மாட்டினான். துடுப்புகள் இரண்டையும் மறவாமல் படகினுள் போட்டுக்கொண்டான்.