எண்ணிட்ட எண்பது படிகள்

நிகழ்த்துகலை, நிகழ்ந்த கணத்தோடு முடிந்துவிடுவது. சுவரில் மாட்டவோ பெட்டகத்தில் பூட்டவோ அதில் ஏதும் எஞ்சுவதில்லை. அவ்வாறிருக்க, அக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸின் (1921-1986) படைப்புகளைச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குவது எங்ஙனம்? விடை, அவர் வெளியிட்ட படிகளின் வரலாற்றில் இருக்கிறது.

1965 நவம்பர் 26 அன்று டியூசல்டார்ஃப் நகரின் ஷ்மேலா கலைக்கூடத்தில், தலையில் தேன் பூசித் தங்க ரேக்கு ஒட்டிக்கொண்டு, இறந்த முயலொன்றைக் கையிலேந்தி அதற்கு ஓவியங்களை விளக்கினார் பாய்ஸ். பார்வையாளர்கள் வெளியே நின்று கண்ணாடி வழியே கண்டனர். கண்டவர் சிலரே. காணாதவரிடமும் தம் சிந்தனை சென்று சேரவேண்டும் என்ற வேட்கையே அவரைப் பல படிகளாகப் பெருகும் படைப்புகளின் பக்கம் திருப்பியது எனலாம். அவற்றை அவர் கருத்துகளைச் சுமந்து செல்லும் வாகனங்களாகவே கருதினார். இறப்பதற்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இத்தகைய வெளியீடுகளை உருவாக்கினார்.

1968இல் வெளியான 'உள்ளுணர்வு' என்னும் சிறு மரப்பெட்டி, அவ்வேட்கையின் தூய வடிவம். உள்ளே பென்சிலால் எழுதிய ஒரு சொல்லும் இரண்டு கோடுகளும் மட்டுமே. விலை 8 மார்க். எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்படவில்லை. ஏறத்தாழ 12,000 பெட்டிகள் வெளிவந்தன.

இதற்கு நேரெதிரே நிற்பது 'மக்களாட்சி வேடிக்கையானது' என்னும் 1973ஆம் ஆண்டுத் திரையச்சு. டியூசல்டார்ஃப் கலைக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த பாய்ஸ், இடம் மறுக்கப்பட்ட மாணவர்களுக்காக 1972 அக்டோபரில் அலுவலகத்தை முற்றுகையிட்டார்; பணிநீக்கம் செய்யப்பட்டார். காவலர் வரிசைக்கு நடுவே அவர் சிரித்தபடி வெளியேறும் புகைப்படமே அந்த அச்சு. அதன்மேல் அத்தலைப்பைத் தம் கையாலேயே எழுதினார். ஹைடெல்பர்க் பதிப்பாளர் கிளவுஸ் ஷ்டேக் வெளியிட்ட இப்பதிப்பில் 80 படிகளே உண்டு. அப்பணிநீக்கம் செல்லாது என்று தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1978இல்தான். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மால் இந்தப் படத்தை வெறும் கலைப்பொருளாகப் பார்க்க இயலவில்லை. வாசல் கடந்தவனின் சிரிப்பு அது. தீர்ப்புக்கு முன்பே சிரிக்கப்பட்ட சிரிப்பு.

சேகரிப்பவர்கள் பார்ப்பவை வேறு: எத்தனையில் எத்தனையாவது படி, கையொப்பம் பென்சிலா மையா, பதிப்பாளர் யார், கலைஞருக்கென ஒதுக்கிய படிகள் உண்டா, விவரப் பட்டியலில் எந்த எண். போலிகள் உலவும் சந்தையில் இவை தேவையான வினாக்களே. ஆயினும் இங்கே ஒரு முரண் தலைகாட்டுகிறது. பரவுவதற்கென்று பிறந்த பொருளுக்கு அருமையே விலையாகிறது. வரம்பற்ற அந்த 8 மார்க் பெட்டியும் இன்று ஏலத்தில் பலமடங்கு விலை பெறுகிறது. அதே காவலர் படத்தை ஷ்டேக் அஞ்சலட்டையாகவும் வெளியிட்டார். அஞ்சலட்டையைப் பெட்டகத்தில் வைப்பார் அரிது.

எனினும் சேகரிப்பாளரைப் பழிப்பது நியாயமன்று. ஒருவர் விடாது சேர்த்ததால்தான், 1995இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் இவ்வெளியீடுகளின் பெருந்தொகுதியை ஒருசேரப் பெற முடிந்தது. சிதறிப் போயிருக்க வேண்டிய வாகனங்கள் அங்கே ஒரு கூரையின்கீழ் நிற்கின்றன. ஆனால் வாகனம் நிற்பதற்காக அன்று, செல்வதற்காகச் செய்யப்பட்டது. பாய்ஸின் ஒரு படியை வாங்குபவர் அதைப் பிறர் காணத் தந்து, அதன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் வரையில், 1972இல் அந்த வாசலில் தொடங்கிய நடை இன்னும் முடியவில்லை என்றே நாம் கொள்ளலாம்.