கிரேன் எங்கே நிற்க வேண்டும்?

கூட்டேரிப்பட்டில் மயிலம் சாலை பிரியும் இடத்தில் சற்று நேரம் நின்றால், சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த டிரெய்லர் லாரிகள் சென்னை நோக்கி விரைவதைக் காணலாம். சென்னையை எப்போது அடைவோம் என்பதை ஓட்டுநர் ஏறத்தாழச் சொல்லிவிடுவார். துறைமுகத்துக்குள் நுழைந்து, பெட்டகத்தை ஒப்படைத்து வெளியே வரும் நேரத்தை மட்டும் அவரால் சொல்ல இயலாது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. குறுகிய சாலை, ஆவணச் சோதனை, சுங்க நடைமுறை ஆகியவை அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அவை உண்மையே. ஆனால், வாயிலுக்கு உள்ளே இருக்கும் காரணமும் ஒன்று உண்டு.

கரையில் நின்று கப்பலிலிருந்து பெட்டகத்தைத் தூக்கும் கிரேனைத்தான் நாம் படங்களில் பார்க்கிறோம். அதற்குப் பின்னால், பெட்டகங்களை அடுக்கி வைக்கும் பரந்த வெளியில் ரப்பர் சக்கரங்களில் ஓடும் யார்டு கிரேன்கள் உள்ளன. கப்பலுக்குப் போவதும் லாரியில் ஏறுவதும் இவற்றின் கையால்தான். நான்கு பெட்டகம் உயரமுள்ள அடுக்கின் அடியில் இருப்பதை எடுக்க, மேலுள்ள மூன்றையும் முதலில் நகர்த்த வேண்டும். அந்த உழைப்புக்கு யாரும் கூலி தருவதில்லை. ஒரே தொகுதியில் இயங்கும் இரு கிரேன்கள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. வேறு வரிசைக்கு மாற வேண்டுமானால் சக்கரங்களைத் தொண்ணூறு பாகை திருப்பி, லாரிப் பாதையை மறித்துக்கொண்டு மெல்ல நகர வேண்டும். எனவே, எத்தனை கிரேன்கள் உள்ளன என்பதைவிட, எந்த நேரத்தில் எந்தத் தொகுதியில் நிற்கின்றன என்பதே முக்கியம்.

ஹாங்காங் துறைமுகத்தை முன்வைத்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு நாளை நான்கு மணி நேரக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எழும் வேலையை முன்கணித்து, கிரேன்களை இடம் மாற்றும் வழியை வகுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்டா மூர்த்தியும் அவருடைய குழுவினரும் அதே நகரின் முனையம் ஒன்றுக்கு உருவாக்கிய முறை 2005-இல் வெளியானது. வெளியிலிருந்து வரும் லாரிகளுக்கு முன்பதிவு நேரம் ஒதுக்குவதும் அதில் அடங்கும். லாரி வரும் நேரம் தெரியாமல் கிரேனை எங்கே நிறுத்துவது?

சென்னையில் தனிப் பெட்டக முனையம் 1983-இல் தொடங்கியது. 2001-இல் அது தனியார் நிர்வாகத்துக்கு மாறியது. 2009-இல் இரண்டாவது முனையமும் வந்தது. முனையத்தின் வாடிக்கையாளர் கப்பல் நிறுவனம். கப்பல் தாமதித்தால் இழப்பு உடனே கணக்கில் ஏறும். அந்த நிறுவனம் வேறு துறைமுகத்துக்கும் போய்விடலாம். ஆகவே, கப்பல் வந்ததும் கிரேன்கள் கப்பல் பக்கத் தொகுதிகளுக்கு ஓடுகின்றன. இதில் தவறு காண இயலாது. ஆனால், அந்நேரத்தில் காத்திருக்கும் லாரியின் செலவு முனையத்தின் ஏட்டில் இல்லை. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். வகுப்பறையில் இதற்கு ஆலைப் புகையைத்தான் உதாரணம் காட்டுவது வழக்கம். லாரி வரிசை இன்னும் பொருத்தமானது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநருக்கு, வாயிலில் கழியும் இரவுக்குச் சம்பளம் இல்லை. கப்பலைத் தவறவிடும் சிறு ஏற்றுமதியாளருக்கு அடுத்த வாரம்தான் வழி.

புதிய கிரேன்களை வாங்குவதற்கு முன், செலவு குறைந்த ஒன்றைச் செய்யலாம். பெரிய துறைமுகங்களில் கப்பல் தங்கும் சராசரி நேரத்தை மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. லாரி வாயிலுக்கு வந்தது முதல் வெளியேறும் வரை ஆகும் நேரத்தையும் முனையம் வாரியாக, மணி வாரியாக அதே ஏட்டில் பதிப்பிக்க வேண்டும். முனையங்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கப்பல் நேரத்தோடு லாரி நேரத்துக்கும் வரம்பு விதிக்க அந்தப் புள்ளிவிவரமே அடிப்படையாக இருக்கும்.